வீடு யார் பெயரில் இருக்கிறது?

2023 ஜூன் மாதம் கோழிக்கோடு விமான நிலையத்திலிருந்து ஒரு ஹஜ் விமானம் புறப்பட்டது. பெயரில்தான் அது கோழிக்கோடு. நிலையம் இருப்பது மலப்புரம் மாவட்டத்துக் கரிப்பூரில். பயணிகள் 145 பேரும் பெண்கள். விமானத்தை ஓட்டியவர்களும் பெண்களே. மஹ்ரம் எனப்படும் நெருங்கிய ஆண் உறவினரின் துணையின்றிச் சென்றவர்கள் அவர்கள். 45 வயதைக் கடந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து அப்படி ஹஜ் செல்ல இந்திய அரசு 2018 இல் வழி திறந்தபோது, அதை மிகுதியாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் கேரளத்து முஸ்லிம் பெண்கள். ஆண் துணையின்றிப் பெண் பயணம் செய்யலாமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஹஜ் முடித்துத் திரும்பும் பெண்ணை வரவேற்பதில் எந்த ஊரிலும் கருத்து வேறுபாடு இல்லை. பேரப்பிள்ளைகள் வாசலுக்கு வருகிறார்கள். ஸம்ஸம் நீர் பங்கிடப்படுகிறது. அன்று முதல் அவர் ஹஜ்ஜும்மா.

அதே கரிப்பூரில், அதே சவூதி அரேபியாவிலிருந்து, அதேபோல் ஆண் துணையின்றி வந்திறங்கும் இன்னொரு பெண் இருக்கிறார். அங்கே பதினேழு ஆண்டுகள் பிறர் வீட்டு அடுப்படியில் நின்றவர். அவரை வரவேற்க ஊர் வருவதில்லை. வந்தவர்களும் வரவேற்க வருவதில்லை, விசாரிக்க வருகிறார்கள். இந்தப் பதிவு அந்த விசாரணையைப் பற்றியது.

ஏறநாட்டுக் கிராமம் ஒன்றில் என் கள ஆய்வின்போது அவரைச் சந்தித்தேன். ஊரையும் சில அடையாளங்களையும் மறைத்து, அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். இத்தாத்தா என்றே அழைத்தேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். இரண்டு பெண்குழந்தைகளோடு கணவனால் கைவிடப்பட்டு, 2005 இல் முப்பத்தொன்றாம் வயதில் சவூதிக்குப் போனவர். ஏழாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றது. ஒரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. கூடவே அந்தப் பெரிய குடும்பத்துக்கான சமையலும் துப்புரவும். அனுப்பிய பணமெல்லாம் தம்பியின் வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. அந்தப் பணத்தில் நிலம் வாங்கப்பட்டது, மாடிவீடு எழுந்தது, இரு மகள்களின் திருமணங்கள் நடந்தன, தம்பி கடை வைத்தார். 2022 இல் இத்தாத்தா திரும்பினார். இன்று அந்த மாடிவீட்டின் சமையலறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறார். ஆவணம் தம்பியின் பெயரில் இருக்கிறது.

வந்த முதல் வாரத்தில் தன்னிடம் கேட்கப்பட்டவற்றை அவர் வரிசையாகச் சொன்னார். அந்த வீட்டில் ஆண்கள் எத்தனை பேர்? இரவில் எங்கே படுத்தாய்? வெளியே போகும்போது யாரோடு போனாய்? வேலைக்காரி என்று வெளியே சொல்லாதே, பள்ளிக்கூட விடுதியில் சமையல் என்று சொல். மருமகன்களின் வீட்டாருக்கு அவமானம். கத்தாமா என்ற சொல்லையே வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. வீட்டுப் பணிப்பெண்ணைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. உழைப்பைக் குறிக்கும் ஒரு சொல் ஊர்வாயில் வசையாகியிருக்கிறது.

“இத்தனை கேட்டார்கள் மோளே, எவ்வளவு அனுப்பினாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை,” என்றார் இத்தாத்தா.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் கேட்டிருக்கவில்லை. என் வினாப்பட்டியலில் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள் இருந்தன. வெளிநாட்டில் எத்தனை ஆண்டுகள், என்ன வேலை, என்ன ஊதியம், குடும்பத்தின் சொத்துகள் எவை என்றெல்லாம் இருந்தன. அந்தச் சொத்துகள் யார் பெயரில் இருக்கின்றன என்ற ஒற்றைக் கேள்வி இல்லை. குடும்பம் என்ற சொல்லுக்குள் அவரை வைத்து மூடிவிட்டு, குடும்பத்திடம் சொத்து இருப்பதாகக் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். ஊர் அவரிடம் செய்ததைத்தான், நாகரிகமான மொழியில், நானும் செய்திருந்தேன்.

என் வாதம் எளியது. திரும்பிவரும் பெண்ணின் ஒழுக்கத்தை எல்லோரும் விசாரிக்கிறோம். அவளுடைய உடைமையை யாரும் விசாரிப்பதில்லை. முதல் விசாரணை உரக்க நடக்கும்வரை இரண்டாவது விசாரணைக்கு இடமே கிடைப்பதில்லை. அதனால் ஆதாயம் அடைகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஊருக்கு. மார்க்கத்தின் பெயரால் பேசும் பெரியவர்களுக்கு அவர்களுடைய அளவுகோலையே வைத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கே உரியது என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அரிச்சுவடி. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் ஆண் ஈட்டியது ஆணுக்கு, பெண் ஈட்டியது பெண்ணுக்கு என்ற பொருளில் தெளிவாகவே பேசுகிறது. மஹர் அவளுடையது. கணவன் எத்தனை ஏழையானாலும் அவள் சொத்தில் அவனுக்குத் தானாக உரிமை வந்துவிடுவதில்லை, தம்பிக்கு வருமா? வாரிசுப் பங்கில் மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு எதற்கு என்று கேட்டால், குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு ஆணுடையது என்று பதில் வரும். சரி, அந்த நியாயத்தையே ஏற்றுக்கொள்வோம். பதினேழு ஆண்டுகள் அந்தப் பொறுப்பைச் சுமந்தவள் பெண்ணாக இருந்தால் அவளுக்கு எத்தனை மடங்கு? ஒற்றை மடங்குகூட இல்லை, பின்கட்டு அறை மட்டும் என்பது எந்த நூலில் இருக்கிறது? ஷரீஅத்தில் ஓர் எழுத்தையும் மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. எழுதியிருப்பதை நடைமுறைப்படுத்துங்கள் என்கிறேன்.

நபிகளாரின் முதல் மனைவி கதீஜா ஒரு வணிகர் என்பதை மேடைதோறும் பெருமையோடு சொல்கிறவர்கள், தங்கள் தெருவில் சம்பாதித்துத் திரும்பிய ஒரு பெண்ணை மட்டும் ஐயத்தோடு பார்ப்பது ஏன்? இது மார்க்கப் பற்றல்ல. மார்க்கத்தைச் சாட்சிக்கு அழைத்து நடத்தப்படும் சொத்துத் தகராறு.

பெண் பெயரில் வீடு இருப்பது நம் வழக்கமல்ல என்றும் சொல்லப்படுகிறது. யாருடைய வழக்கம்? ஏறநாட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் தலச்சேரியும் கண்ணூரும் வந்துவிடுகின்றன. அங்கே மாப்பிள்ளை முஸ்லிம்களிடையே தாய்வழித் தறவாடுகள் தலைமுறைகளாக நிலைத்திருந்தன. மணமான பின்னும் பெண் தன் தாய்வீட்டில் இருக்க, கணவன் அங்கே வந்து போனான். அவர்களும் ஐந்து வேளை தொழுதவர்கள்தாம். ஆகவே ஓர் ஊரின் பழக்கத்தை ஒரு மதத்தின் கட்டளையாகக் காட்டுவது அறியாமை; அறிந்தே காட்டுவது மோசடி.

இந்த விசாரணை இன்று தொடங்கியதல்ல. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலையிறங்கினால் வருகிற நிலம்பூரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட ஒரு கலைஞர் இருக்கிறார்: நிலம்பூர் ஆயிஷா. பதின்ம வயதின் தொடக்கத்தில் தன்னைவிட மிகவும் மூத்த ஒருவருக்கு மணமுடிக்கப்பட்டு, அந்த மணம் விரைவிலேயே முறிந்து, கைக்குழந்தையோடு நின்றவர். 1950களில் இ.கே. அயமுவின் ‘இஜ்ஜு நல்லொரு மனுஷனாகான் நோக்கு’ நாடகத்தில் நடித்தார். நல்லதொரு மனிதனாக முயற்சி செய் என்பது தலைப்பின் பொருள். ஒரு முஸ்லிம் பெண் மேடையேறினாள் என்பதற்காகக் கல்லெறியப்பட்டார். மஞ்சேரியில் மேடையில் நின்ற அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள்; குறி தப்பியது. அவர் நடிப்பதை நிறுத்தவில்லை. 1961 இல் வெளிவந்த ‘கண்டம் பெச்ச கோட்டு’ முதலான திரைப்படங்களிலும் நடித்தார்.

அந்தக் கலைஞர் பிற்காலத்தில் சவூதி அரேபியாவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? திரும்பிவந்து மீண்டும் நடித்தார். 2011 ஆம் ஆண்டுக்கான மாநிலத் திரைப்பட விருதுகளில் இரண்டாவது சிறந்த நடிகை ஆனார். கல்லெறிந்தவர்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கைதட்டியவர்கள் அவருடைய பிழைப்புக்கு ஒரு வழி செய்துவைக்கவில்லை என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சாதவரை ஊரைவிட்டு அனுப்பியது வறுமை. முற்போக்காளர்களும் இந்த விசாரணைக்கு வெளியே நின்றுவிட முடியாது.

மலபாரின் வளைகுடாப் பண்பாட்டில் காத்திருக்கும் பெண்ணுக்கு ஓர் இடம் உண்டு. 1970களின் இறுதியில் எஸ்.ஏ. ஜமீல் எழுதிப் பாடிய துபாய் கத்துப்பாட்டு, ஊரில் இருக்கும் மனைவி துபாயில் இருக்கும் கணவனுக்கு எழுதும் கடிதம். அவளுடைய தனிமைக்காக ஒரு தலைமுறையே கண்ணீர் விட்டது. போய், உழைத்து, திரும்பிவந்த பெண்ணுக்கு அப்படி ஊரே பாடும் ஒரு பாட்டு இல்லை. காத்திருப்பவளைப் பற்றி அழத் தெரிந்த நமக்குத் திரும்பியவளை எதிர்கொள்ளத் தெரியவில்லை.

இப்போது ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு. 2023 இல் இரண்டு திரைப்படங்கள் வெளிவந்தன. ஜனவரியில் வந்தது ‘ஆயிஷா’. நிலம்பூர் ஆயிஷாவின் சவூதி வாழ்க்கையைத் தழுவி, மஞ்சு வாரியர் நடித்தது. மே மாதம் வந்தது ‘தி கேரளா ஸ்டோரி’. மதம் மாற்றப்பட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கேரளப் பெண்கள் 32,000 பேர் என்று அதன் முன்னோட்டம் சொன்னது. எதிர்ப்பு எழுந்ததும் அந்த எண் மூன்றாகச் சுருங்கியது. 32,000 என்பதற்கு ஆதாரபூர்வமான தரவு இல்லை என்று படத்தில் அறிவிப்பு சேர்க்க வேண்டிய நிலை உச்ச நீதிமன்றத்தில் ஏற்பட்டது. ஒரே ஆண்டு, இரண்டுமே கேரளப் பெண்ணையும் வெளிநாட்டையும் பற்றிய படங்கள். ஒன்றின் பின்னால் ஒரு மெய்யான வாழ்க்கை இருந்தது, மற்றதன் பின்னால் நிரூபிக்கப்படாத ஓர் எண். நாடு எதைப் பற்றி மாதக்கணக்கில் விவாதித்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த வெளியுலகத்தின் விசாரணையும் ஊரின் விசாரணையைப் போன்றதே. ஊர் அவளிடம் அங்கே தலைமறைத்திருந்தாயா என்று கேட்கிறது. வெளியார் இங்கே ஏன் தலைமறைக்கிறாய் என்று கேட்கிறார்கள். இத்தாத்தாவிடம் ஒரு தன்னார்வலர் இரண்டாவது கேள்வியைக் கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “என் தலையைப் பற்றி எல்லோருக்கும் கவலை. அது மழையில் நனையாமல் இருக்க ஒரு கூரை வேண்டும் என்பதில்தான் கவலை இல்லை.”

மூன்றாவதாக அரசு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி முன்அனுமதி பெற வேண்டும். அவர்களில் முப்பது வயது நிரம்பாத பெண்களுக்கு அந்த அனுமதியே கிடையாது. 2016 முதல் இப்பெண்களை வேலைக்கு எடுப்பது அரசு சார்ந்த முகமைகள் வழியாக மட்டும் என்றானது. நோக்கம் பாதுகாப்பு என்கிறார்கள். வறுமைக்கு வயது வரம்பு இல்லை. முன்வாசல் அடைக்கப்பட்டதும் பெண்கள் விசிட் விசாவில், தரகரின் கையில், பின்வாசல் வழியாகப் போகிறார்கள். அங்கே கஃபாலா முறை காத்திருக்கிறது: முதலாளியே பொறுப்பாளர், அவர் சம்மதமின்றி வேலை மாறுவதே பெரும்பாடு. சிக்கல் வந்தால் முறைப்படி வரவில்லையே என்று இவளையே குற்றம் சாட்டலாம். இளம்பெண்ணை வெளியே அனுப்பாதே என்று ஊர்ப்பெரியவர் சொன்னால் பிற்போக்கு. அதையே ஓர் அரசாணை சொன்னால் பாதுகாப்பா?

திரும்பியபிறகும் இதே கதைதான். தாயகம் திரும்பியவர்கள் தொழில் தொடங்க மானியத்துடன் கூடிய வங்கிக் கடனுக்குக் கேரள அரசிடம் திட்டம் இருக்கிறது. இத்தாத்தாவுக்கு ஒரு சிறு உணவகம் நடத்தும் திறமையும் ஆசையும் உண்டு. கடனுக்கு என்ன பிணை தருவார்? நிலம் தம்பியின் பெயரில். எல்லாக் கதவுகளும் கடைசியில் அந்த ஒற்றை ஆவணத்தின்முன் வந்து நின்றுவிடுகின்றன.

ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். என் முஸ்லிம் நண்பர்கள் சிலர் இதைக் கேட்கிறார்கள்: சமூகமே முற்றுகையிடப்பட்டிருக்கும் காலத்தில் இதை எழுதி எதிரியின் கையில் ஆயுதம் கொடுக்கிறாயே? அவர்களுடைய அச்சம் உண்மையானது. அதை நான் ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் 32,000 என்ற எண் எந்த இத்தாத்தாவின் வாயிலிருந்தும் வரவில்லை. பொய் சொல்கிறவனுக்கு நம் உண்மைகள் தேவைப்படுவதே இல்லை. நாம் மௌனமாக இருந்தால் அவன் ஆயுதம் பறிபோகாது, அவள் வீடுதான் பறிபோகும். சமூகத்தின் மானத்துக்கான விலையை ஒவ்வொரு முறையும் பெண்ணிடம் மட்டும் வசூலிப்பது எப்படி நீதியாகும்?

அது ஒரு தலைமுறையின் பழைய கதை, இப்போது பெண்கள் படித்துவிட்டார்கள் என்று இன்னொரு மறுப்பு. படித்துவிட்டார்கள், உண்மைதான். மலப்புரத்தின் கல்லூரிகளில் தலைமறைத்த பெண்கள் நிறைந்திருப்பதை நான் கண்ணால் காண்கிறேன். திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் 1998 இல் தொடங்கிவைத்த கேரளக் குடிபெயர்வு ஆய்வுகளின்படி, வெளிநாடு சென்றவர்களில் பெண்களின் பங்கு 2018 இல் 15.8 சதவீதம், 2023 இல் 19.1 சதவீதம். இனிச் செவிலியராக, பொறியாளராக, மாணவியாகப் போகிறவர்கள் கூடுவார்கள், திரும்புகிறவர்களும் கூடுவார்கள். ஆனால் இதே மலப்புரம் மாவட்டத்தில் 2022 மே மாதம், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பரிசு பெற மேடைக்கு அழைத்ததற்காக ஒரு மூத்த மார்க்க அறிஞர் அமைப்பாளர்களை அந்த மேடையிலேயே கடிந்துகொண்டதை நாடே பார்த்தது. பரிசு அவளுடையது, வாங்க வேறொருவர் வர வேண்டும். வீடு அவளுடையது, ஆவணத்தில் வேறொருவர் பெயர் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பாடம். அந்த மாணவியின் வயதுப் பெண்கள் நாளை உலகெங்கும் போய்த் திரும்பும்போது அவர்களுக்கும் இதே பின்கட்டு அறைதான் காத்திருக்கிறதா என்பதே என் கேள்வி.

ஆகவே நான் கேட்பவை பெரிய புரட்சிகள் அல்ல. பெண் அனுப்பும் பணத்தில் வாங்கும் நிலம் அவள் பெயரில் பதிவாகட்டும். அவள் அயல்நாட்டில் இருந்தாலும் அதிகாரப் பத்திரம் மூலம் அவள் பெயரிலேயே வாங்க முடியும். நம் ஊர் ஜமாஅத்தைப் போன்ற மஹல்லு கமிட்டிகள் நிக்காஹையும் தலாக்கையும் பதிவேட்டில் எழுதுகின்றன; பெண்ணின் சொத்து முறையீட்டையும் எழுதட்டும், அதைக் கேட்கும் இடத்தில் பெண்களும் உட்காரட்டும். அரசு வயதைப் பார்த்துக் கதவடைப்பதை விட்டுவிட்டு, வேலை ஒப்பந்தத்தை நிறைவேற்றவைக்கும் வேலையைச் செய்யட்டும். நிலமில்லாத பெண்ணுக்குப் பிணையின்றிக் கடன் தரட்டும். ஆய்வாளர்களாகிய நாம் வினாப்பட்டியலில் ஒரு வரியைச் சேர்ப்போம். நான் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக ஒரு செய்தி. எவ்வளவு அனுப்பினீர்கள் என்று பிந்தியாவது நான் கேட்டபோது, இத்தாத்தா அலமாரியிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்துவந்தார். பதினேழு ஆண்டுகளின் கணக்கு. மதரஸாவில் கற்ற அரபு மலையாள எழுத்தில், மாதம், ரியால், காரணம் என்று மூன்று பத்திகளாக எழுதியிருந்தார். சிமெண்ட். மூத்தவளுக்கு வளையல். தம்பி கடைக்கு. உம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை. எனக்கு மலையாளம் வாசிக்க வரும், அந்த எழுத்து வராது. அவர் வாசிக்க வாசிக்க, மூன்று வாரங்கள் உட்கார்ந்து நான் மலையாள எழுத்தில் படியெடுத்தேன். மொத்தம் 1,60,000 ரியாலுக்குச் சற்று மேல் வந்தது. கூட்டி முடித்ததும் அவர் அந்தத் தொகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமுன் அவரும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை.

அந்தப் படியின் ஒரு நகல் சட்ட உதவி மையத்துக்குப் போயிருக்கிறது. இன்னொரு நகலோடு வரும் மாதம் மஹல்லு கமிட்டியின் முன் போய் நிற்கப்போவதாக இத்தாத்தா சொல்லியிருக்கிறார். தம்பியைச் சிறைக்கு அனுப்ப அவருக்கு விருப்பமில்லை. வீட்டின் முன்பக்கத்து அறையும், ஆவணத்தில் தன் பெயரும் போதும் என்கிறார். அன்று அவர் அந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கப்போகிறார். இரவில் எங்கே படுத்தாய் என்று கேட்டவர்கள் அனைவரும் அன்று வந்து உட்கார்ந்து, கடைசிப் பக்கம்வரை கேட்க வேண்டும்.